வாய்விட்டுப் படி

மூன்றாவது புத்தகமும் அதையேதான் சொல்கிறது. வாய்விட்டுப் படி. பாடத்துக்கு மேலே ஒரு கட்டம், கட்டத்துக்குள் அலகைத் திறந்தபடி ஒரு கிளி, கிளிக்குப் பக்கத்தில் இந்த உத்தரவு. முதல் புத்தகத்தில் கிளிக்குப் பதில் ஒலிபெருக்கிக் குழாய். இரண்டாவதில் கைகோத்து நிற்கிற நாலு பிள்ளைகள், நாலு பேருக்கும் வாய் திறந்திருக்கிறது, கீழே 'குழுவாகச் சொல்லி மகிழ்க' என்று போட்டிருக்கிறது. மகிழ்வதற்கும் உத்தரவு. நாற்பத்தோரு வருஷம் நோட்டீஸ் எழுதினவன் நான், உத்தரவு போடுவது எனக்குப் புதிதில்லை. திரண்டு வாரீர், குரல் கொடுப்பீர், இப்படி ஏதாவது ஒன்று கடைசி வரியில் இல்லாமல் என் நோட்டீஸ் எதுவும் அச்சுக்குப் போனதில்லை. ஆனால் நான் உத்தரவு போட்டது மில் வாசலில் நின்ற மீசைக்காரர்களுக்கு. இது போடுவது எட்டு வயதுப் பிள்ளைக்கு. என் மகள் வயிற்றுப் பேத்தி நித்திலாவுக்கு. வீட்டில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்து, இரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தைகூடப் பேசாமல் திரும்பி வந்தவளுக்கு. நாக்கில் குறையில்லை, காதில் குறையில்லை, பயம் தொண்டையில் உட்கார்ந்துகொள்கிறது, வற்புறுத்தாதீர்கள், அதுவாக வரும் என்றார் டாக்டர். வற்புறுத்தாத ஒரு புத்தகத்தைத் தேடி வந்து இந்தப் பழைய புத்தகக் கடையில் ஒரு மணி நேரமாக நிற்கிறேன். உக்கடத்தில் தகரக் கூரை போட்ட கடை. ஜூன் மாதக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்து அடிக்கிறது, திறந்த பக்கம் திறந்தபடி நிற்பதில்லை, கண்ணாடிக் கூட்டைப் பாரமாக வைத்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. "ஏனுங்க ஐயா, ரிட்டயர்டு வாத்தியாருங்களா?" என்றார் கடைக்கார அம்மாள். பரிமளா என்று பெயர்ப்பலகையில் இருந்தது. இல்லை என்றேன். "பொறவு என்னங்க, ஒவ்வொரு பக்கமாத் திருப்பித் திருப்பிப் பார்க்கறீங்க. வாத்தியாருங்கதான் இப்படி எல்லாத்தையும் படிச்சு முடிச்சுட்டு வாங்காமப் போவாங்க." சென்னியப்பன் என்று என் பெயரைச் சொல்லலாம் என்று ஒரு கணம் வாய் வரைக்கும் வந்தது. இந்த உக்கடத்திலேயே அந்தப் பெயரைச் சொன்னால் நாலு பேர் சைக்கிளை நிறுத்திய காலம் உண்டு. இந்த அம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அந்தக் காலத்தில் பாவாடை கட்டிக்கொண்டு திரிந்திருப்பார். சொல்லவில்லை. சொல்லி, அவர் யாருங்க என்று கேட்டுவிட்டால்?

நாலு நாளைக்கு முன்னால் மகள் போன் செய்தாள். ஏழு மாதம் கழித்து. நான் அவளுக்கு வைத்த பெயர் உரிமைச்செல்வி. வேலைக்குச் சேர்ந்ததும் முன்பாதியைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் செல்வி ஆகிவிட்டாள். உரிமை என்னோடு நின்றுவிட்டது. "அப்பா, செல்வி பேசறேன்." தெரிகிறது என்றேன். அந்த ஒரு வார்த்தை சொல்வதற்குள் இரண்டு தடவை தொண்டையைச் செருமவேண்டியிருந்தது. "நித்தியை இந்த வருஷமும் ஸ்கூலுக்கு அனுப்பலீங்க. வீட்டுலயே பாடம் சொல்லித் தரலாம்னு இருக்கேன். இங்கிலீஷ், கணக்கு, சயின்ஸ் நான் பார்த்துக்குவேன். தமிழும் சமூக அறிவியலும் எதை வெச்சு நடத்தறதுன்னு தெரியலை. கடையில போனா பொட்டி பொட்டியா எடுத்துப் போடறாங்க, ஒண்ணும் புரியலை. நீங்கதான் நல்லது கெட்டது பார்த்து எடுப்பீங்க." எனக்கு அப்போதே எழுந்து செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும்போல இருந்தது. நானே எடுத்துக்கொண்டு வருகிறேன், ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா, வாரத்தில் மூன்று நாள் வந்து தமிழை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் நான் முடிக்கும் வரைக்கும் பேசாமல் இருந்தாள். சின்ன வயதிலும் அப்படித்தான், நான் மேடையில் பேசி முடிக்கும் வரைக்கும் நாற்காலியில் கால் ஆட்டிக்கொண்டு காத்திருப்பாள். பிறகு சொன்னாள். "வேண்டாங்கப்பா. கீழ வாட்ச்மேன்கிட்டக் குடுத்துட்டுப் போயிருங்க. நீங்க குடுத்ததுன்னு அவகிட்டச் சொல்ல மாட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கையெழுத்துப்பட்ட காகிதம் எதையும் பார்த்தா அவளுக்கு மறுபடியும் அது வந்துரும். பேரு எழுதறது, குறிப்பு எழுதறது, உள்ள நோட்டீஸ் வெக்கறது, ஒண்ணும் வேண்டாம்." நான் போனை அடுத்த காதுக்கு மாற்றினேன். "அப்பா, இப்பத்தான் கொஞ்சம் வருது. போன வாரம் லிப்ட்ல எதிர்வீட்டுக்காரரு எந்த மாடின்னு கேட்டாரு. ரெண்டுன்னு சொன்னா. வெளியாள்கிட்ட. ரெண்டுன்னு." அவள் குரல் அங்கே உடைந்தது. நான் இருபதாயிரம் பேர் கூட்டத்தில் பேசியிருக்கிறேன், கை தட்டல் வாங்கியிருக்கிறேன், அதெல்லாம் ஒரு பக்கம், லிப்டுக்குள் சொல்லப்பட்ட அந்த ரெண்டை நான் கேட்கவில்லையே என்று அன்று முழுக்க அறைக்குள் நடந்துகொண்டிருந்தேன்.

வீட்டிலேயே பாடம். இது எனக்குப் பிடித்தது என்று யாரும் நினைக்கவேண்டாம். பண்ணையார் வீட்டுக்கு வாத்தியார் வந்துபோன காலத்தை ஒழிக்கத்தானே பள்ளிக்கூடம் கேட்டோம். மில் காலனியில் அரசுப் பள்ளி வேண்டும் என்று பதினோரு நாள் உண்ணாவிரதம் இருந்தவன் நான், ஏழாம் நாள் மயங்கி விழுந்தபோது என் மனைவி மாராத்தாள் எலுமிச்சம் பழத்தோடு வந்து நின்றாள், அதைக் கையால் தட்டிவிட்டேன், பழம் உருண்டு சாக்கடையில் விழுந்தது, அவள் அதை எடுத்துக் கழுவி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். பள்ளிக்கூடம் வந்தது. கல்வெட்டில் மந்திரி பெயர் இருந்தது. என் மகள் அங்கே படித்தாள், நன்றாகப் படித்தாள், படித்து அவள் பிள்ளையைக் குளிர்சாதன வேன் வைத்த பள்ளிக்கு அனுப்பினாள், இப்போது எந்தப் பள்ளிக்கும் அனுப்பவில்லை. இதைப் பற்றி ஒரு நோட்டீஸ் எழுதலாம். கல்வி பொதுவெளியில் நடக்கவேண்டியது, நாலு சுவருக்குள் நடந்தால் அது வளர்ப்பு, கல்வியில்லை. தலைப்புகூட வந்துவிட்டது. எனக்குத் தலைப்பு முதலில் வந்துவிடும், அதுதான் என் வியாதி. இரண்டு வருஷம் பொதுவெளியில் உட்கார்ந்து அந்தப் பிள்ளை பாவாடை விளிம்பைத் தின்றது என்பது தலைப்பில் அடங்காது. பொட்டி என்று மகள் சொன்னது இதைத்தான் போலிருக்கிறது, பரிமளா ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறார், வீட்டுக் கல்விப் பெட்டியாம், பாதி விலைக்கு வந்ததாம், உள்ளே வழவழ அட்டைகள், ஒட்டுப்படங்கள், பேனா ஒன்று, அந்தப் பேனாவைப் படத்தின் மேல் வைத்தால் அதுவே பேசுகிறது. யானை, என்றது பேனா. ஏதோ விமான நிலையத்தில் அறிவிக்கிற பெண் குரல். திருப்பிச் சொல், என்றது. பரிமளா சிரித்தார். "என்ற வீட்டுக்காரரை விட நல்லாப் பேசுதுங்க." நான் மூடியைப் போட்டு மூடினேன். உள்ளே இன்னொரு தடவை திருப்பிச் சொல் என்று அது முனகியது. "வேண்டாங்களா?" வேண்டாம். இந்த நாட்டில் பேனாகூடக் கத்துகிறது.

நான் ஐந்தாம் வகுப்புவரை. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் எட்டுப் பக்கம், பதினாறு பக்கம், ஊசி போட்டுத் தைத்த சின்னப் புத்தகங்கள், கூட்டத்துக்கு வெளியே துண்டை விரித்து விற்பார்கள். அதனால் எதையும் எட்டுப் பக்கத்தில் சொல்லமுடியவில்லை என்றால் சொல்பவனுக்கு அது தெரியவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். இந்த மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் நூற்று முப்பத்திரண்டு பக்கம். எது நல்ல பாடம் என்று எப்படிப் பார்ப்பது? மில் சங்கத்தில் எங்களுக்கு ஒரு வழி இருந்தது. நோட்டீஸ் எழுதினால் முதலில் கருப்பணனுக்கு வாசித்துக் காட்டவேண்டும். கருப்பணன் நூல் வண்டி தள்ளுகிறவன், ஒரு எழுத்தும் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்து கேட்பான். எந்த வரியில் அவன் தலையைச் சொறிகிறானோ அந்த வரியை அடித்துவிடவேண்டும். விவாதம் கிடையாது. தலைவரே எழுதியிருந்தாலும் அடிதான். ஒரு தடவை நான் மூன்று நாள் யோசித்து எழுதிய பத்தி முழுவதற்கும் அவன் சொறிந்துகொண்டே இருந்தான், பேன் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன், "பேன் இல்லீங் தோழர், நீங்கதான்" என்றான். அவன் செத்துப் பதினாலு வருஷம். சங்கம் மூன்றாக உடைந்து, கடைசித் துண்டில் பதினொரு பேர் இருந்தோம், இப்போது நாலு பேர், அதில் ஒருவருக்கு என்னை அடையாளம் தெரிவதில்லை. சரி, சும்மாவாவது வாசித்துப் பார்ப்போம் என்று சந்தைக்குப் போன ஆமையைப் பற்றிய பாடத்தை எடுத்து, ஆமை சந்தைக்குப் புறப்பட்டது, என்று ஆரம்பித்தேன். காற்றுக்கு மேல் கேட்கவேண்டும் என்று கொஞ்சம் குரலை உயர்த்தினேன். அது எங்கே நிற்கும். மில் சங்கு ஊதும்போது மைக் இல்லாமல் பேசிய தொண்டை. மூன்றாவது வரியில் எதிர்க்கடைப் பையன் திரும்பிப் பார்க்கிறான், ரோட்டில் போன இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். "ஐயா, ஐயா, மெதுவாங்க. ஆமை சந்தைக்குப் போறதுக்கு மீட்டிங் போட்ட மாதிரி இருக்குது" என்று பரிமளா வாயில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். நான் நிறுத்திவிட்டேன். மெதுவாக எப்படி வாசிப்பது? யோசித்துப் பார்த்தால் நான் மெதுவாக வாசித்ததே இல்லை. மாராத்தாளுக்கு ஒரு தடவைகூட எதையும் வாசித்துக் காட்டியதில்லை. அவளுக்கு எழுத்துத் தெரியாது என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் அதைச் செய்யத் தொடங்கினேன். மனசுக்குள் நித்திலாவை எதிரே உட்காரவைத்தேன். இந்தக் கட்டுப் புத்தகத்தின் மேலேயே உட்காரட்டும், கால் தரையில் எட்டாது, பச்சைப் பாவாடை. ஒவ்வொரு வரியாகச் சத்தமில்லாமல் வாசித்தேன், அவள் கையைப் பார்த்துக்கொண்டே. ஆமை சந்தைக்குப் போகிறது, கை மடியில் இருக்கிறது. ஆமை வழியில் ஒரு தக்காளி வண்டியைப் பார்க்கிறது, கை மடியிலேயே இருக்கிறது, நன்று. பாடம் முடிந்து கட்டம் வருகிறது, 'ஆமை சொன்னதை நடித்துக் காட்டு', கை விளிம்புக்குப் போய்விட்டது. அவள் பயந்தால் பாவாடை விளிம்பை உருட்டிச் சுருட்டி வாயில் வைத்துக்கொள்வாள். கருப்பணன் சொறிந்தால் அடிக்கவேண்டும். சட்டைப் பையில் சிவப்புப் பேனா எப்போதும் இருக்கும், புரூப் திருத்துகிற பேனா, இப்போது திருத்த ஒன்றும் இல்லை, ஆனாலும் இருக்கும். எடுத்து அடித்தேன். நிம்மதியாக இருந்தது. அடுத்தது, 'வகுப்பில் எல்லோருக்கும் கூறு'. எந்த வகுப்பு, யார் எல்லோரும், அடி. 'நண்பரிடம் கேட்டு எழுது'. அடி. 'உரக்கப் பாடு'. அடி. சமூக அறிவியலை எடுத்தேன். நமக்கு உதவுவோர் என்று ஒரு பாடம். தபால்காரர் நமக்கு உதவுகிறார், துப்புரவுப் பணியாளர் நமக்கு உதவுகிறார். உதவுகிறாரா? விடிகாலையில் சாக்கடைக்குள் இறங்குகிறவன் உனக்கு உதவி செய்யத்தான் இறங்கினானா? கூலி, வேலை நேரம், விடுமுறை, ஒரு வார்த்தை இருக்கிறதா பார். 'உதவுவோர்' என்பதற்கு மேலே 'உழைப்போர்' என்று எழுதப் பேனாவை வைத்து, உ போட்டு, அந்த உ-வின் சுழியிலேயே கை நின்றுவிட்டது. உங்க கையெழுத்துப்பட்ட காகிதம் எதையும். உ-வைச் சுழற்றிச் சுழற்றி ஒரு பொட்டாக்கினேன். உதவுவோர் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். விட்டது எனக்கே நம்பமுடியவில்லை. அந்த வரிக்கு அவள் கை மடியில்தானே இருந்தது, சொறிந்தது நான். "ஏனுங்க, புக்குல கிறுக்கிட்டீங்களே" என்றார் பரிமளா. "இனி வாங்கித்தானுங்க ஆகணும்." வாங்குகிறேன் அம்மா, மூன்றையும் வாங்குகிறேன்.

தமிழ்ப் புத்தகத்தின் முதல் பாடத்தை நான் கடைசியாகத்தான் பார்த்தேன். ஒரு பெண்பிள்ளை நிமிர்ந்து நிற்கிற படம். 'உன் பெயரை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்.' அதற்குக் கீழே புள்ளிக்கோடு. அந்த வரியில் கண் மாட்டிக்கொண்டது, அடுத்த வரிக்குப் போகவில்லை. உன் பெயரை. எல்லோருக்கும். கேட்கும்படி. போன நவம்பரில் அதைத்தான் நான் செய்தேன். பள்ளிக்கூடத்தில் அவளைப் பெஞ்சின் மேல் ஏற்றி நிற்கவைத்து, பேசினால் இறங்கலாம் என்று சொல்லி, ஒரு பீரியட் முழுக்க நிற்கவைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் ஊமை ஊமை என்று கத்தியிருக்கிறார்கள். மகள் அழுதுகொண்டே சொன்னாள். எனக்குச் சொல்லியிருக்கக்கூடாது. அழுதால் அழுதுவிட்டுப் போகிற ஆளா நான். அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன், அந்த வேகம் வந்து எத்தனை வருஷமாயிற்று, கை நடுங்கவில்லை, முதுகு வலிக்கவில்லை. ஏழு வயதுக் குழந்தை நித்திலாவை 'ஊமை' என்று இழிவுசெய்த பள்ளி நிர்வாகமே, பதில் சொல்! இஸ்மாயில் பாய் அச்சகத்தில் ஐந்நூறு. அடித்து முடித்துக் கட்டும்போது பாய் கேட்டார். "தோழர், பாப்பா பேரு வேணுமா? ஒரு மாணவின்னு இருந்தாப் போதாதா?" அடித்தாயிற்றே பாய். "அடிச்சா என்ன, துண்டுச் சீட்டு வெட்டித் தர்றேன், பேரு மேல ஒட்டிரலாம். ஐந்நூறுதானே, டீ குடிக்கற நேரம்." அது எங்களுக்குப் பழக்கமான வேலைதான். ஒரு மாநாட்டுக்குத் தேதி தப்பாகப் போய், இரண்டாயிரம் நோட்டீசுக்கு மைதாப் பசை காய்ச்சி ஒரு பகல் முழுக்க நானும் பாயும் கருப்பணனும் உட்கார்ந்து சீட்டு ஒட்டியிருக்கிறோம். ஆனால் நான் சொன்னேன், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன். "பாய், பேரில்லாத நோட்டீஸ் மொட்டைக் கடுதாசி. சென்னியப்பன் மொட்டைக் கடுதாசி போடற ஆளில்லை." மேலே அவள் பெயர். கீழே, இவண், ப. சென்னியப்பன். பள்ளி விடுகிற நேரத்துக்கு வாசலில் நின்று ஒவ்வொரு தாய்க்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்தேன், கொடுத்துக்கொண்டே பேசினேன், என் குரல் அன்றைக்குப் பழைய குரலாக இருந்தது. அதுதான், அதுதான் வெட்கம், எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் வரிசையில் வந்தாள். எல்லார் கையிலும் காகிதம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளைதானே, நான்தானே சொல்லிக்கொடுத்தேன் அவள் பெயரை எழுத. ஒரு பெண்மணி குனிந்து, "நீதானா கண்ணு அந்த நித்திலா?" என்று கேட்டாள், அன்பாகத்தான் கேட்டாள். பிள்ளை என்னைப் பார்த்தது. வழக்கம்போல அப்புச்சி என்று என்னைக் கூப்பிடவில்லை. நோட்டீசைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, வேனுக்குள் ஏறி இருக்கைக்கு அடியில் போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்குப் பிறகு நான் வீட்டுக்குப் போனபோது சாப்பாட்டு மேசைக்கு அடியில் இருந்தாள், நான் கிளம்பும் வரைக்கும் வரவில்லை. மூன்றாம் தடவை மகள் கதவைப் பாதி திறந்து, "அப்பா, கொஞ்ச நாளைக்கு வராதீங்க" என்றாள். உன் பெயரை எல்லோருக்கும் கேட்கும்படி சொல். அடித்தேன். காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி அடித்தேன்.

பேனாவை மூடிவிட்டு எண்ணினேன், மூன்று புத்தகத்திலும் சேர்த்துப் பதினெட்டு இடம். நல்ல வேலை செய்தவன்போலப் புரட்டிக்கொண்டு வந்தவன், ஒன்பதாவதோ பத்தாவதோ பக்கத்தில் நின்றுவிட்டேன். ஒவ்வொரு கோட்டுக்கும் வால் இருக்கிறது. புரூப்பில் ஒரு வரியை எடுக்கச் சொல்வதற்குக் கோடு போட்டு வலது ஓரத்தில் ஒரு சுழி இழுப்போம், இஸ்மாயில் பாய் கற்றுக்கொடுத்தது, என் கை அதைக் கொஞ்சம் கூடுதலாகவே நீட்டிச் சுழிக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நித்திலாவை என் அறைக்குக் கூட்டிவருவார்கள், பழைய காகிதங்களை எடுத்துவைத்துக்கொண்டு நான் அடிப்பேன், அவள் மடியில் உட்கார்ந்துகொண்டு, "அப்புச்சி, வால் எனக்கு, வால் எனக்கு" என்பாள். எலி வால் என்று அதற்குப் பெயர் வைத்ததே அவள். எலி எங்கே போகுது, பொந்துக்குப் போகுது, பொந்துல என்ன இருக்கு, முறுக்கு இருக்கு, ஒரு வாலுக்கு ஒரு கதை. இது எலி வால் என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். பெயர் எழுதாதே என்றால் பெயரை எழுதாமல் இருந்துவிட்டேன், பதினெட்டு இடத்தில் இவண் சென்னியப்பன் என்று போட்டுவிட்டேன். சிவப்பு மை, அழியாது. இன்னொரு பிரதி இருக்கிறதா அம்மா என்று கேட்டேன். "பழைய புத்தகக் கடையில ரெண்டாவது காப்பிங்களா? எல்லாம் ஒத்தைங்க." சரி, இப்படியே கொடுத்தால்? திறந்ததும் பார்ப்பாள். லிப்டில் சொன்ன ரெண்டு திரும்பி உள்ளே போய்விடும். கொடுக்காமல் வேறு வாங்கினால்? வேறு புத்தகம், வேறு கிளி, வாய்விட்டுப் படி, நடித்துக் காட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி. இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு நிற்கிறேன். மகளிடம் சொல்லலாம், அந்த இடங்களை விட்டுவிட்டுச் சொல்லிக்கொடு என்று. எப்படி விடுவது, பிள்ளை எழுத்துத் தெரிந்தவள், பாடத்தை விட்டுவிட்டுக் கட்டத்தைத்தான் முதலில் படிப்பாள், உத்தரவு எங்கே இருக்கிறது என்று பயந்தவர்களுக்குத்தான் முதலில் தெரியும். எனக்கு அது எப்படித் தெரியும்? தெரியும். இந்த ஏழு மாதத்தில் எனக்குத் தெரிந்தது. சில நாள் காலையிலிருந்து யாரிடமும் எதுவும் பேசியிருக்க மாட்டேன், சாயங்காலம் டீக்கடையில் போய் நின்று, ஒன்று என்று சொல்ல வாயைத் திறந்தால் காற்று மட்டும் வரும். "என்னங் தோழர், சொல்லுங்க" என்று மாஸ்டர் கேட்கும்போது எல்லோரும் என்னைப் பார்ப்பதுபோல இருக்கும். விரலைக் காட்டிவிடுவேன்.

துண்டுச் சீட்டு. பாய் அப்போது சொன்னது இப்போதுதான் என் காதில் விழுகிறது. "அம்மா, வெள்ளைக் காகிதமும் பசையும் இருக்குங்களா?" வெள்ளைக் காகிதம் இல்லை, பசைக் குப்பியும் லேபிளும்தான் இருக்கிறது, பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் பாருங்கள் என்று ஒரு கட்டைத் தூக்கிப் போட்டார். பெயர், வகுப்பு, பள்ளி என்று அச்சடித்த லேபிள். பெயரும் இல்லாமல் வகுப்பும் இல்லாமல் பள்ளியும் இல்லாமல் ஓரத்தில் வெள்ளையாக ஒரு விரல் அகலம் இருந்தது. அதை மட்டும் வெட்டி எடுக்கவேண்டும். கத்தரிக்கோலை வாங்கி நானே வெட்டினேன். முதல் சீட்டு கோணலாகப் போயிற்று. "கொண்டாங்க இங்க" என்று பரிமளா வாங்கி, எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, நேராக, சர் சர்ரென்று வெட்டிக்கொடுத்தார். "பேரு எழுதற லேபிள்ல பேரை வெட்டி எறிஞ்சுட்டு மிச்சத்தை ஒட்டற ஆளை இன்னைக்குத்தான் பார்க்கறேன். யாருக்குங்க இது?" பேத்திக்கு. "பேரு என்னங்க பாப்பாவுக்கு?" நான் அந்தக் கோணல் சீட்டை எடுத்து நேராக்கப் பார்த்தேன். "அட, பேரச் சொன்னா நான் என்ன கடிச்சா திங்கப் போறேன்" என்றார். சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, அடுத்த சீட்டை வெட்டினார். ஒவ்வொன்றாக ஒட்டினேன். கிளியின் பக்கத்தில் ஒன்று. ஒலிபெருக்கிக்குக் கீழே ஒன்று. கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்க்கவேண்டும், அப்போதுதான் காற்று நிற்காது, கருப்பணன் நாக்கைத் துருத்திக்கொண்டு செய்வான். வாய்விட்டுப் படி இருந்த இடம் வெள்ளை. மகிழ்க இருந்த இடம் வெள்ளை. பாடம் மட்டும் நிற்கிறது, ஆமை சந்தைக்குப் போகிறது, யாரும் அதைக் கத்தச் சொல்லவில்லை. நல்ல புத்தகமாகத்தான் தெரிகிறது. இப்படி ஒன்றை நான் எழுதியதில்லை.

கட்டும்போது பரிமளா, ரசீது எழுத வேண்டும், யார் பெயரில் போடட்டும் என்று கேட்டார். பெயர் வேண்டாம் என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. மொட்டைக் கடுதாசி. பாய் இங்கே இருந்தால் சிரித்திருப்பார். கட்டுவதற்கு முன்னால் தமிழ்ப் புத்தகத்தை மட்டும் இன்னொரு தடவை வாங்கி முதல் பாடத்தைத் திறந்தேன். அங்கே அழுத்தி அடித்ததில் காகிதம் திட்டுத்திட்டாக எழும்பியிருந்தது, அதனால் சீட்டு ஒட்டவில்லை, வலது ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. வால் இருக்கிற ஓரம். கட்டைவிரலால் அழுத்தினேன், படிந்தது, எடுத்தேன், காற்று வந்து மெல்லத் தூக்கியது. உள்ளே சிவப்பாக ஒரு நூல் தெரிகிறது, தெரியாததுபோலவும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இப்படி ஒரு ஓரம் கிடைத்தால் நகம் சும்மா இருக்காது. நாளைக்கே கிளப்புவாள், அல்லது அடுத்த மாதம், அல்லது சீட்டைச் சீட்டாகவே விட்டுவிடுவாள். வேனின் இருக்கைக்கு அடியிலிருந்து பார்த்த அதே கண்ணால் பார்ப்பாள், அல்லது எலி எங்கே போகுது என்று கேட்பாள், கேட்க அங்கே நான் இருக்கமாட்டேன். மறுபடியும் அழுத்தினேன். மறுபடியும் தூக்கியது. பசைக் குப்பி பரிமளாவின் கைக்குப் பக்கத்தில்தான், மேசை மேல் இருந்தது. "ஓரம் நிக்கலீங்களா, இன்னும் கொஞ்சம் பசை தரட்டுங்களா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, குப்பியை எடுத்து நீட்டியபடி இருந்தார். காற்று புத்தகத்தை மூடியது. நான் அதை அப்படியே கட்டுக்குள் வைத்தேன். "போதுங்க அம்மா" என்றேன், மெதுவாகத்தான் சொன்னேன், அவருக்குக் கேட்டதா என்றுகூடத் தெரியவில்லை.